பென்சில் போட்ட முட்டை

முட்டையோட கூரு மொனை கீழ இருக்கோணும் கண்ணு. அகலமா இருக்கற பக்கம் மேல. நீ தலைகீழா வெக்கற பாரு. அந்த அகலப் பக்கத்துலதான் குஞ்சு மூச்சு உடறதுக்குக் காத்து இருக்குது. இப்படிக் குடு, நானே அடுக்கித் தர்றேன். உன்ற பஸ்ஸுக்கு இன்னும் முக்கா மணி நேரம் கெடக்குது. உக்காரு.

கழுவிப்போடாத. அழுக்கு ஒட்டியிருந்தாலும் காஞ்ச துணியில லேசாத் தொடச்சா போதும். தண்ணி பட்டா ஓட்டு மேல இருக்கற பூச்சு போயிரும். ஃப்ரிட்ஜுல வெச்சராத, உள்ள இருக்கற உசுரு வெறச்சுப் போயிரும். அடுப்படியிலயும் ஆகாது, அந்தச் சூட்டுக்கு அரையும் கொறையுமாக் கரு கட்டிட்டுச் செத்துப்போகும். நெழலு விழற மூலையாப் பாத்து ஒரு பானைய மணல்ல பாதி பொதச்சு வெச்சுக்க. சுத்தி மணலு ஈரமா இருக்கோணும். பானைக்குள்ள உமியக் கொட்டி அதுல முட்டைய நிக்க வெய்யி. ஏழு நாளு. மிஞ்சிப்போனா பத்து. அதுக்கு மேல ஆச்சுன்னா அடை வெக்காத, ஆம்லேட்டு போட்டுத் தின்னுரு.

இத்தனையும் எனக்கு ஆரு சொல்லிக்குடுத்தாங்கற? என்ற ஓரகத்தி. கொழுந்தன் பொண்டாட்டி. பரிமளானு பேரு. இந்தப் பானையே அவ பொதச்சதுதான். இப்ப அவ இங்க இல்ல. எதனால இல்லைன்னு ஊருக்குள்ள கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. நீ வெளியூருக்காரி. உனக்கு உள்ளது உள்ளபடி சொல்றதுல எனக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பாவாத்தா பொய் பேசினானு இந்த ஊர்ல ஒருத்தரு சொல்லட்டும் பாப்பம்.

என்ற கொழுந்தன் குமரவேலு தறி ஓட்டிட்டு இருந்தான். முப்பத்தெட்டு வயசுல, பைக்குல போனவன் தாராபுரம் ரோட்டுல லாரியில அடிபட்டுப் போயிட்டான். கொழந்தை இல்ல. இவ தனியாளா நின்னா. வாசலு ஒண்ணு, அந்தப் பக்கம் அவளுக்கு ரெண்டு ரூமு, இந்தப் பக்கம் எங்களுக்கு மூணு ரூமு. பொறந்த வீட்டுக்குப் போயிருவானு நான் நெனச்சேன். போகல. அவன் வளத்துன கோழி ஆறேழு இருந்துச்சு, அதப் புடிச்சுக்கிட்டா.

சும்மா சொல்லப்படாது, கோழி வளக்கறதுல அவ கை அப்படி. பதிமூணு முட்டை வெச்சா பன்னெண்டு குஞ்சு எறங்கும். ஒவ்வொரு முட்டையிலயும் அது இட்ட தேதிய பென்சில்ல எழுதி வெப்பா. ஏழுன்னு எழுதினா நடுவுல ஒரு சின்னக் கோடு போடுவா. ஏன்டி கோடுனு கேட்டா, அப்பத்தானுங்க்கா ஒண்ணுக்கும் ஏழுக்கும் கொழப்பம் வராதும்பா. படிச்ச திமிரு. நானும் கோழி வெச்சிருந்தேன் கண்ணு. நான் இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தொரு வருசம். பதிமூணு வெச்சா ஆறு வரும், ஏழு வரும். ஆரு என்ன சொன்னாங்க? கோழினா அப்படித்தான்னு இருந்தோம். இவ வந்துதான் பன்னெண்டு வந்துச்சு. அதுக்கப்பறம் என்ற ஆறும் ஏழும் எல்லாத்துக்கும் கம்மியாத் தெரிய ஆரம்பிச்சுது.

காங்கயம், வெள்ளகோயிலு, மூலனூருனு எங்கிருந்தோ எல்லாம் ஆளு வந்தாங்க. வாசல்ல நான் கூட்டிட்டு இருப்பேன். எங்கிட்டயே வந்து, ஏனுங்க, முட்டைக்காரப் பரிமளா வீடு எதுங்கனு கேப்பாங்க. வீட்டுக்கு மூத்தவ நானு. என்னைய வேலைக்காரி மாதிரி கேக்கறாங்க. வெளக்கமாத்த நீட்டிக் காட்டுவேன், அக்கட்டால போங்கனு. அதையும் பொறுத்துக்கிட்டேன். எங்கூட்டுக்காரரு ஒருநா சாப்புட்டுட்டு இருக்கறப்ப என்ன சொன்னாருங்கற? பரிமளா எடுத்து வெச்சா கூழாங்கல்லு கூடப் பொரிக்கும்னாரு. நான் சோறு போட்டுட்டு இருக்கறேன். என்ற கையில கரண்டி. என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்றாரு. அவருக்கு அதுல ஒண்ணும் தெரியல. மோரு ஊத்துன்னாரு. ஊத்தினேன்.

அந்த வருசம் ஐப்பசியில வெள்ளகோயில் பக்கத்துல ஒரு மகளிர் குழு இவகிட்டக் குஞ்சு கேட்டிருந்தாங்க. நல்ல குஞ்சா எறக்கிக் குடுத்தா வருசம் பூரா இவகிட்டயே வாங்கிக்கறோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இவளுக்குக் காலு தரையில நிக்கல. பெருங்கோழியாப் பாத்து, நல்ல முட்டையாப் பொறுக்கி, இருபத்தாறு முட்டை சேத்தா. ரெண்டு கோழி அடைக்கு உக்காந்திருந்துச்சு, கோழிக்குப் பதிமூணுனு கணக்கு. வெக்கப்போற நேரத்துல போன் வந்துச்சு. அவங்கம்மா வழுக்கி உளுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு, ஒட்டன்சத்திரத்துல ஆஸ்பத்திரியில சேத்திருக்கறாங்கனு.

பையத் தூக்கிட்டு எங்கிட்ட ஓடியாந்தா. "அக்கா, நாலஞ்சு நாளு ஆகுமுங்க்கா. முட்டை பானையில இருக்குது. காலையில ஒருக்கா சாயந்தரம் ஒருக்கா மணல்ல தண்ணி தெளிச்சு உட்டுருங்க. முட்டைய லேசாச் சாச்சு உடோணும். காலையில இந்தப் பக்கம், சாயந்தரம் அந்தப் பக்கம். அடைக்கோழிக்குக் கீழ சும்மா ரெண்டு கூமுட்டைய வெச்சிருக்கறேன், எந்திரிச்சுப் போகாது. நான் வந்து மாத்தி வெச்சுக்கறேன். உங்களை நம்பித்தானுங்க்கா போறேன்" அப்படின்னா.

நானும் சரிடின்னேன். போயிட்டு வா, அம்மாவப் பாருன்னு சொல்லி பஸ்ஸேத்தி உட்டேன். பஸ்ஸுல திங்கறதுக்கு முறுக்கு கூடக் குடுத்தேன்.

மொத நாளு தண்ணி தெளிச்சேன், சாச்சு வெச்சேன். ரெண்டாம் நாளும் அப்படியேதான். மூணாம் நாளு பாரு, என்ற கோழி ரெண்டு அடைக்கு உக்காந்துருச்சு. ஒரே நாள்ல ரெண்டும். நான் வெக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருந்துச்சு? இருபது நாளா ஃப்ரிட்ஜுல கொழம்புக்குச் சேத்து வெச்ச முட்டை. அது பொரிக்காது. அந்தப் பக்கம் பானையில இருபத்தாறு நல்ல முட்டை சும்மா நின்னுட்டு இருக்குது. அவ எப்ப வருவானு தெரியாது. அவங்கம்மாளுக்கு வயசு எழுவத்தி ரெண்டு, இடுப்பெலும்பு, எழவே உளுந்தாலும் உளுந்துரும். உளுந்தா பதினாறு நாளு அங்கதான். முட்டை வீணாத்தானே போகும்? நீயே சொல்லு. வீணாப் போகாம நான் வெச்சேன்.

அப்பறம் பானை காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? அதனால ஃப்ரிட்ஜுல இருந்தத எடுத்து அதுல நிக்க வெச்சேன். எல்லாம் நம்ம வாசல்ல திரியற கோழியிட்டதுதான், ஒரே நெறந்தான். பென்சிலு அவ ஜன்னல் மேலயே இருந்துச்சு. ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து அதே தேதிய எழுதினேன். ஏழுக்கு நடுவுல கோடு போட்டேன். அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சவ நானு, ஒரு வித்தியாசமும் தெரியல.

அவங்கம்மா சாகல. அஞ்சாம் நாளு இவ வந்துட்டா. வந்ததும் வராததுமா கை காலு கழுவிட்டு முட்டையத்தான் போயிப் பாத்தா. மணலு ஈரமா இருக்குதான்னு தொட்டுப் பாத்துட்டு, "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க்கா" அப்படின்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டா. அவ கை சில்லுனு இருந்துச்சு. அன்னிக்கே அடை வெச்சுட்டா.

என்ற கோழியும் அடையில, அவ கோழியும் அடையில. என்னுது ரெண்டு நாளு முந்தி. ஒருநா காலையில நான் எந்திரிச்சு வர்றேன், அவ ரெண்டு கோழியவும் தூக்கி எறக்கி உட்டு எரை வெச்சுட்டு இருக்கறா. அடைக்கோழி தானா எந்திரிச்சுத் திங்காதுல்ல, பட்டினியாக் கெடந்தே எளச்சுப்போகும். என்ற கோழிக்கும் அவளே வெச்சா. வேண்டாம்டி, நான் பாத்துக்கறேன்னு சொல்லி என்ற கூடைய உள்ளார, நெல்லு மூட்டை போடற ரூமுக்குள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டேன்.

ஏழாம் நாளு கதவெல்லாம் சாத்தி இருட்டாக்கிட்டு, டார்ச்சு லைட்டுல முட்டையப் புடிச்சுப் பாத்தா. கரு கட்டியிருந்தா உள்ள செவப்பா நரம்பு ஓடும், சிலந்தி வலையாட்டம். ஒண்ணுலயும் இல்ல. என்னையக் கூப்புட்டா. "அக்கா, நீங்களும் பாருங்க, என்ற கண்ணுக்குத்தான் தெரியலயானு தெரியல" அப்படின்னா. பாத்தேன். ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா, ஒவ்வொண்ணாப் பாத்தேன். இருபத்தாறும் பாத்தேன். எலுமிச்சம்பழத்துல வெளிச்சம் அடிச்சாப்பல அத்தனையும் வெறும் மஞ்சளா இருந்துச்சு. இல்லைடி, எல்லாம் கூமுட்டைன்னேன்.

அவ கீழ உக்காந்துட்டா. டார்ச்ச அணச்சுட்டு, "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. முட்டைய ஃப்ரிட்ஜுல ஏதாவது வெச்சீங்களா" அப்படின்னா. எனக்கு வந்துச்சே ஆத்தரம். சாமி மாடத்துல இருந்த சூடத்தக் கொளுத்தி, கைய வெச்சு அணச்சேன். நீ குடுத்துட்டுப் போன முட்டையில ஒண்ணு கூட ஃப்ரிட்ஜு வாசல மிதிக்கலைடி, மிதிச்சிருந்தா என்ற கண்ணு அவிஞ்சு போகட்டும்னேன். நெசந்தானே கண்ணு? அவ முட்டைய நான் எங்க ஃப்ரிட்ஜுல வெச்சேன்? என்ற முட்டையத்தானே வெச்சிருந்தேன். இப்ப வரைக்கும் என்ற கண்ணு நல்லாத் தெரியுது. ஊசிக்கு நூலு நானேதான் கோக்கறேன்.

அவ என்ற காலத் தொட்டு மன்னிச்சுக்கங்கன்னா. சரி போடின்னேன்.

அப்பறம் எதனால இப்படி ஆச்சுனு அவளா உக்காந்து ரோசனை பண்ண ஆரம்பிச்சா. ரோசனை பண்ணிக்கிட்டே இருந்தா எங்க வந்து நிக்கும்? நான்தான் சொன்னேன், சேவலு கெட்டுப்போச்சுடின்னு.

சேவலச் சொல்ல மறந்துட்டேன் பாரு. மொட்டைக்கழுத்துச் சேவலு. கழுத்துல ஒரு எறகு இருக்காது, செவச்செவன்னு இருக்கும். குமரவேலு அதக் குஞ்சுல இருந்து கையில வெச்சு வளத்துனது. அவன் பைக்க எடுத்தா டேங்கு மேல ஏறி உக்காந்துக்கும். முக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போயி எறக்கி உட்டாத்தான் திரும்பி வரும். அவன் போனதுக்கப்பறம் நசுங்குன பைக்கக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனாங்கல்ல, அந்த டேங்கு மேல ஏறி நின்னுக்கிட்டு ஒருவாரம் எறங்கல. இவ அதுக்கு மடியில வெச்சுச் சோறு ஊட்டுவா. புருசன் இல்லாத குறைக்குச் சேவலு.

நான் எடுத்துச் சொன்னேன். வயசாச்சுடி, வித்து வத்திப்போச்சு. இது இருக்கற வரைக்கும் வேற சேவல உள்ள உடாது, கொத்திக் கொன்னுபோடும். இப்படியே உட்டீன்னா உன்ற கோழி இடறதெல்லாம் கூமுட்டைதான். குழுக்காரிக வந்து கேட்டா என்ன சொல்லுவ? என்ற தம்பிகிட்டச் சொல்லி நல்ல சேவலா வாங்கித் தர்றேன், இத அறுத்துப்போடலாம்னேன். மூணு நாளு அழுதா. நாலாம் நாளு சரிங்க்கான்னா.

ஞாயித்துக்கெழமை எங்கூட்டுக்காரருதான் அறுத்தாரு. அவளே புடிச்சுக் குடுத்தா. வேற ஆரு கூப்புட்டாலும் வராது, அவ கூப்புட்டா மடியில வந்து உக்காந்துக்கும், அதனால. நான் சுத்தம் பண்றப்ப பாத்தேன், ஒரு கொறையும் இல்ல. உள்ளார வித்தெல்லாம் எளசுல இருக்கற மாதிரியே இருந்துச்சு. அப்படியே கொடலோட சேத்துக் குப்பையில போட்டேன்.

வரமல்லி வறுத்து அரைச்சு நானே கொழம்பு வெச்சேன். பரிமளா திங்க மாட்டேன்னா. வெச்சு வளத்துனதுன்னு பாத்தா நாளைக்கு ஒண்ணும் வளக்க முடியாதுடி, மனசக் கல்லாக்கிக்கனு சொல்லி, நெஞ்சுக்கறியா ஒரு துண்டெடுத்து அவ தட்டுல வெச்சேன். மூத்தவ வெச்சத ஒதுக்கப்படாதில்ல. தின்னா. மென்னுக்கிட்டே இருந்தா, முழுங்க ரொம்ப நேரமாச்சு. எங்கூட்டுக்காரரு ரெண்டாவது வாட்டியும் கொழம்பு வாங்கிக்கிட்டாரு. அன்னிக்குத்தான் என்ற சமையல ஒரு வார்த்தை நல்லா இருக்குதுன்னாரு.

குழுக்காரிக வந்தாங்க. இவ நடந்ததச் சொன்னா. அவங்க வெளிய வந்து எங்கிட்டக் கேட்டாங்க, என்னங்க ஆச்சுனு. நான் என்ன சொல்லட்டும்? பாவம் அவளுக்கு எதுவும் தங்கறதில்லைங்க, புருசனும் தங்கல, வயித்துலயும் தங்கல, இப்ப முட்டையிலயும் தங்கலைன்னேன். இதுல ஒரு வார்த்தை பொய் இருக்குதா? அவங்களா அதுக்கு ஒரு அர்த்தம் பண்ணிக்கிட்டா நான் பொறுப்பா? ஊருக்குள்ளயும் பேச்சு அப்படியே ஓடுச்சு. அந்த மாசம் நம்ம வீதியில ஒரு வளகாப்பு, அவளை மட்டும் கூப்புடல.

இருவத்தோராம் நாளு என்ற கூடையில குஞ்சு எறங்குச்சு. இருபத்தாறுல இருபத்தி மூணு. என்ற கையில அதுவரைக்கும் இருபத்தி மூணு வந்ததே இல்ல. சந்தோசம் தாங்கல எனக்கு. கூடையத் தூக்கியாந்து வாசல்ல வெயில்ல வெச்சு, ஏனுங்க, வந்து பாருங்கனு எங்கூட்டுக்காரரக் கூப்புட்டேன். அவருக்குக் காட்டோணும்னுதான் கொண்டாந்தேன். வேற எதையும் நெனைக்கல. சத்தங்கேட்டு அவளும் வந்துட்டா.

பாதிக்கு மேல மொட்டைக்கழுத்து. குஞ்சுலயே தெரியுமே கண்ணு, கழுத்து மட்டும் செவப்பா வெறுமனே இருக்கும். சேவல அறுத்து ஒரு வாரமாச்சு, அதும் புள்ளைக கூடை நெறையக் கீச்சு கீச்சுன்னுதுக.

ஒரு குஞ்ச எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பாத்தா. வெரல்ல அதும் கழுத்தத் தடவுனா. அப்பறம் கூடைக்குள்ள கைய உட்டு ஒரு ஓட்ட எடுத்தா. உமியத் தட்டி உட்டா. அதுல ஏழு இருந்துச்சு, நடுவுல கோடோட.

சண்டை போடுவா, கத்துவானு பாத்தேன். நானும் நாலு வார்த்தை தயாரா வெச்சிருந்தேன். அவ கத்தல. ஓட்டத் திருப்பிக் கூடைக்குள்ளயே வெச்சா. "மொத நாளு குடிக்கற தண்ணியில துளி வெல்லம் கரைச்சு வெய்யிங்க்கா, தெம்பா இருக்கும்" அப்படின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. எங்கூட்டுக்காரரு குஞ்சையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. அவரு எங்கிட்டச் சரியாப் பேசி இப்ப ஒரு வருசமாகுது. என்ன நெனச்சுக்கிட்டாரோ. ஒரே வாசல்ல கோழிக மாத்தி மாத்தி இடறதுதானே.

அடுத்த வாரமே அவ கெளம்பிட்டா. கோழிய எல்லாம் கூட்டுல இருக்கறபடியே உட்டுட்டு, ஒரு பையி, ஒரு போர்வையோட போயிட்டா. பல்லடத்துக்கு அக்கட்டால ஒரு நூல் மில்லுல, அங்கயே தங்கிக்கற மாதிரி வேலை. மூத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு இல்ல பாரு. அதுதான் எனக்கு மனசு உட்டுப்போச்சு.

சரி, ஆளுக வர்றாங்க, முட்டை கேக்கறாங்க, தம்பிகிட்டச் சொல்லி ஒரு சேவலு வாங்கி உட்டு, நானே குடுக்கலாம்னு ஆரம்பிச்சேன். பங்குனி வரைக்கும் நல்லாத்தான் போச்சு. சித்திரை வெயிலு வந்ததும் எல்லாம் அழுகுது. வாங்கிட்டுப் போனவங்க போன் போட்டு வையறாங்க. வேற ஆருகிட்டப் போயிக் கேக்கறது? பஸ்ஸேறி மில்லுக்கே போனேன். வாட்ச்மேன் கூப்புட்டு உட்டான். வந்தா. தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, முப்பத்தி நாலு வயசுலயே நரைச்சாப்பல இருக்குது. இருமிக்கிட்டே நின்னா. பத்து நிமிசந்தான் நேரமுங்க்கான்னா.

வெயில் காலத்துல முட்டைய எப்படிடி வெக்கறதுனு கேட்டேன். நின்ன எடத்துலயே சொன்னா. மணல்ல மூணு வேளைக்கும் தண்ணி தெளிங்க. பானை மேல ஈரச் சாக்கு போடுங்க. மத்தியானத்துக்கு முன்னாடியே முட்டைய எடுத்துருங்க, வெயில்ல கெடக்க உடாதீங்க. அஞ்சு நாளைக்கு மேல வெக்காதீங்க. இப்ப உனக்குச் சொன்னேனே, அதெல்லாம் சேத்து ஒண்ணு உடாமச் சொன்னா. நல்ல மனசுதான் அவளுக்கு, இல்லைங்கல.

போறேன்டின்னு திரும்புனேன். அப்பத்தான் கேட்டா. "அக்கா, சேவல அறுக்கச் சொன்னப்ப, அது நல்லாத்தான் இருக்குதுனு உங்களுக்குத் தெரியுங்களா?"

இத்தனை தூரம் போயிருக்கறேன், அவளும் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கறா. மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? தெரியும்டின்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன்னேன்.

அதுக்கு அவ மூஞ்சி போன போக்க நீ பாத்திருக்கோணும். மில்லு கேட்டப் புடிச்சுக்கிட்டே அப்படியே குத்த வெச்சு உக்காந்துட்டா. வாட்ச்மேன் ஓடி வந்து தண்ணி குடுத்தான். நான் பஸ்ஸு போயிருமேனு வந்துட்டேன். அவளாத்தான் கேட்டா, நான் உள்ளதச் சொன்னேன். அவ்வளவு தூரம் வந்த மூத்தவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கோணும்னு கூட அவளுக்குத் தோணல.